மின்வெட்டுக்குப் பிறகு எழும்பாத பெயர்ச் சேர்வர்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அப்படியொரு நீண்ட வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது, யூபிஎஸ் பற்றரி தீர்ந்து அணைந்துபோன சேர்வர்கள் கொழும்புக் கந்தோர்களில் ஒவ்வொன்றாக எழும்பும். ஃபைல் சேர்வர் வந்துவிடும், பிரின்டர் வந்துவிடும், ரவுட்டரில் பச்சை விளக்கும் எரியும். ஆனாலும் "இன்ரநெற் இல்லை" என்று எல்லா மேசையிலிருந்தும் குரல் வரும். இணையம் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவைதான் எழும்பவில்லை.

உடனே மின்வெட்டின்மேல் பழி விழும். பெரும்பாலும் அது வீண்பழி.

பெயர்ச் சேவைக்கு மிகப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் பைண்ட். அதன் சேவை நிரலுக்கு நேம்ட் என்று பெயர். நேம்ட் தன் அமைப்புக் கோப்பையும், ஒவ்வொரு டொமைனின் பெயர்களும் முகவரிகளும் எழுதியிருக்கும் ஸோன் கோப்புகளையும் தொடங்கும்போது ஒருமுறை வாசித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு யாராவது கோப்பைத் திருத்தி, அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் 'ஆர்என்டிசி ரீலோட்' கட்டளை கொடுத்து, அதில் பிழை இருந்தால் நேம்ட் சாகாது. லொக்கில், அதாவது நிகழ்வுப் பதிவில், ஒரு வரி முறையிட்டுவிட்டு, நினைவில் இருக்கும் பழைய அமைப்போடு தொடர்ந்து பதில் சொல்லும். திருத்தியவர் அந்த வரியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். பிழை மார்ச்சில் புகுந்திருக்கும், சேவை நிற்பது செப்டெம்பரில், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு. ஆகவே "இன்று என்ன நடந்தது?" என்று தேடுவதால் பலன் குறைவு. கடைசியாக இந்தச் சேவை சரியாகத் தொடங்கிய நாளுக்குப் பிறகு கோப்புறையில் எவையெல்லாம் மாறின என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கோப்புகளைத் திகதி வரிசையில் பட்டியலிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

(கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.)

முதலில், உண்மையிலேயே எழும்பவில்லையா?

சேர்வரிலேயே அமர்ந்து 'டிக் @127.0.0.1' என்று நிறுவனத்தின் ஏதாவதொரு பெயரைக் கேளுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் டிஎன்எஸ்ஸுக்குரிய 53ஆம் போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. சேவை ஓடவில்லை, அல்லது அந்த முகவரியில் கேட்கவில்லை. 'சேர்வ்ஃபெயில்' என்று வந்தால் நேம்ட் உயிரோடு இருக்கிறது, அந்த ஸோன் ஏறவில்லை அல்லது வெளியே போய்ப் பதில் எடுக்க முடியவில்லை. 'ரெஃபியூஸ்ட்' என்பது வேறு சங்கதி: நேம்ட் கேள்வியைக் கேட்டது, உங்களுக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை என்கிறது. இதை இணைப்பு மறுப்போடு குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. சேர்வருக்குள் பதில் வந்து, மேசைக் கணினிகளில் மட்டும் நேரம் கடந்து கைவிட்டால் ஃபயர்வோலைப் பாருங்கள். டிஎன்எஸ்ஸுக்கு 53ஆம் போர்ட் யூடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் திறந்திருக்கவேண்டும். யூடிபியை மட்டும் திறந்துவிட்டால் சின்னப் பதில்கள் போகும், பெரிய பதில்கள் சிக்கும்.

சேவை ஓடவில்லை என்று உறுதியானால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் நேம்ட்'. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் பழைய பதிப்புகளில் சேவையின் பெயர் 'பைண்ட்9'. உபுண்டு 20.04 முதல் அது 'நேம்ட்' ஆகி, பழைய பெயர் மாற்றுப்பெயராக நிற்கிறது. ஸ்டேட்டஸ் கட்டளை கடைசிப் பத்து வரியைத்தான் காட்டும். உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே கிடக்கும். அதனால் 'ஜர்னல்சிடிஎல் -யூ நேம்ட் -பி' கொடுத்து, இந்த முறை இயந்திரம் தொடங்கியது முதலான முழு லொக்கையும் எடுங்கள். 'எக்ஸிட்டிங்', 'ஃபேட்டல் எரர்' என்ற சொற்கள் வரும் வரியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கி வாசியுங்கள்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டி காட்டும் வெளியேறல் எண்ணும் வழிகாட்டும். 1 என்றால் நேம்ட் ஓடத் தொடங்கி, தானே முடிவெடுத்து நின்றிருக்கிறது. காரணம் லொக்கில் இருக்கும். 203 என்றால் நிரலையே இயக்க முடியவில்லை: கோப்பு இல்லை, அல்லது இயக்க அனுமதி இல்லை. 217 என்றால் சேவைக் கோப்பில் சொன்ன பயனர் கணக்கு இயந்திரத்தில் இல்லை. 226 என்றால் சிஸ்டம்-டி அதற்கென்று அமைக்கும் தனித்த கோப்புச் சூழல் அமையவில்லை. சேவைக் கோப்பில் குறிப்பிட்ட ஒரு கோப்புறை காணாமல் போயிருப்பது வழக்கமான காரணம்.

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. சிஸ்டம்-டியின் இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கப் பார்த்தால் அதற்குமேல் முயற்சியையே மறுத்துவிடும். அப்போது வரும் செய்தி நேம்டினுடையது அல்ல. பிழையைத் திருத்திய பிறகும் அதே மறுப்பு வந்தால் 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் நேம்ட்' கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

லொக்கில் இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. நீண்ட ஐபிவி6 முகவரிகளோடு 'நெட்வேர்க் அன்ரீச்சபிள்' என்று வரிசையாக வரிகள் ஓடும். பயந்துபோய் அதைத் தேடிக்கொண்டிருக்கவேண்டாம். கந்தோர் இணைப்பில் ஐபிவி6 இல்லை என்பதைத் தவிர அது வேறொன்றையும் சொல்லவில்லை. இரைச்சல் தாங்கவில்லை என்றால் நேம்டுக்கு '-4' என்ற விருப்பத்தைக் கொடுத்து ஐபிவி4 மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம்.

அரைப்புள்ளி என்ற அரக்கன்

அமைப்புக் கோப்பைச் சோதிக்க 'நேம்ட்-செக்கான்ஃப்' என்ற கருவி பைண்டோடு வருகிறது. எல்லாம் சரியென்றால் ஒன்றுமே பேசாது. பேசினால் கோப்புப் பெயரும் வரி எண்ணும் சொல்லும். வரியை முடிக்கும் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் அது சொல்லும் வரி எண், விடுபட்ட வரியினுடையது அல்ல, அடுத்த சொல் இருக்கும் வரியினுடையது. 42 என்றால் 41ஐயும் அதற்கு மேலும் பாருங்கள். அடைப்பு மூடும் இடத்துக்குப் பின்னாலும் அரைப்புள்ளி வேண்டும். அங்கேதான் அதிகம் தவறும்.

இதே அரைப்புள்ளி ஸோன் கோப்பில் தலைகீழான வேலை செய்கிறது. அங்கே அது குறிப்புரையின் தொடக்கம்: அதற்குப் பின்னுள்ளதை நேம்ட் வாசிக்காது. ஸோன் கோப்பில் பழகிய கை, அமைப்புக் கோப்பிலும் ஒரு வரியை முடக்க முன்னால் அரைப்புள்ளி போட்டுவிடும். அமைப்புக் கோப்பில் குறிப்புரைக்கு இரட்டைச் சாய்கோடு அல்லது ஹாஷ் குறிதான். இரண்டு கோப்புகளுக்கும் இரண்டு இலக்கணம் வைத்தவர்களைத் திட்டலாம், ஆனால் 1980களிலிருந்து வளர்ந்த மென்பொருளில் இப்படித்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த வரியை அப்படியே வெட்டி ஒட்டினால் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, நேம்டுக்குத் தெரியும். சந்தேகமான வரியின் மேற்கோள்களை அழித்துக் கையால் திரும்பத் தட்டுவதே விரைவான வழி.

கந்தோருக்கு உள்ளே ஒரு பதிலும் வெளியே ஒரு பதிலும் கொடுக்க 'வியூ' அமைப்பவர்கள் டெபியன் வகையில் ஒரு குழியில் விழுவார்கள். ஒரு வியூ வந்துவிட்டால் எல்லா ஸோன்களும் ஏதாவதொரு வியூவுக்குள் இருந்தாகவேண்டும். டெபியனின் இயல்பு ஸோன்கள் தனிக் கோப்பாக, வியூவுக்கு வெளியே சேர்க்கப்பட்டிருக்கும். நேம்ட் அப்படியே நின்றுவிடும். அந்தச் சேர்ப்பு வரியை வியூவுக்குள் நகர்த்தினால் சரியாகிவிடும்.

பதிப்பு மாற்றம் இன்னொரு காரணம். பல ஆண்டு பழைய அமைப்புக் கோப்பு, இயங்குதளத்தை மேம்படுத்தியதும் செல்லாக்காசாகும். டிஎன்எஸ் பதில்களைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் முறைக்கு டிஎன்எஸ்செக் என்று பெயர். அதற்கான 'டிஎன்எஸ்செக்-எனேபிள்' என்ற வரியை பைண்ட் 9.16 எச்சரிக்கையோடு பொறுத்துக்கொண்டது, 9.18 பிழை என்று சொல்லி எழும்ப மறுக்கிறது. 'ஆட்டோ-டிஎன்எஸ்செக்' 9.20இல் நீக்கப்பட்டது; அதன் இடத்தில் 'டிஎன்எஸ்செக்-பொலிசி'. எச்சரிக்கை வரும் காலத்திலேயே வரியை நீக்கிவிடுவது மலிவான வேலை.

ஒரு ஸோன் கெட்டால் எல்லாம் நிற்குமா?

இங்கேதான் இரண்டு லினக்ஸ் குடும்பங்கள் பிரிகின்றன. ரெட் ஹட், அல்மா, ரொக்கி வகையில் நேம்ட் தொடங்குவதற்கு முன் 'நேம்ட்-செக்கான்ஃப் -ஸெட்' தானாக ஓடி எல்லா ஸோன்களையும் ஏற்றிப் பார்க்கும். நாற்பது ஸோனில் ஒன்று பிழையென்றாலும் நாற்பதும் இருட்டு. டெபியன், உபுண்டு வகையில் அந்த முன்சோதனை இல்லை. நேம்ட் எழும்பும், பிழையான ஸோனுக்கு மட்டும் சேர்வ்ஃபெயில் சொல்லும். முதலாவதில் விபத்து உடனே தெரியும், இரண்டாவதில் யாராவது புகார் சொன்னால்தான் தெரியும். எது நல்லது என்றால், பல வாடிக்கையாளரின் ஸோன்களை ஒரே இயந்திரத்தில் வைத்திருப்பவருக்கு இரண்டாவதே நல்லது. ஒருவர் தவறால் மற்றவர் கடை ஏன் மூடவேண்டும்? ரெட் ஹட் வகையில் 'சிஸ்கொன்ஃபிக்' கோப்புறையிலுள்ள நேம்ட் கோப்பில் 'டிஸேபிள்_ஸோன்_செக்கிங்' என்பதற்கு 'யெஸ்' கொடுத்து இந்த முன்சோதனையை நிறுத்தலாம்.

ஸோன் பிழைகளில் முதலிடம் பெயரின் இறுதிப் புள்ளிக்கு. டொமைனின் பெயர்ச் சேர்வரைச் சொல்லும் என்எஸ் வரியில் 'என்எஸ்1.நிறுவனம்.எல்கே' என்று எழுதிக் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால், நேம்ட் அதன் பின்னால் ஸோனின் பெயரை ஒட்டி 'என்எஸ்1.நிறுவனம்.எல்கே.நிறுவனம்.எல்கே' ஆக்கிவிடும். அப்படியொரு பெயருக்கு முகவரி இருக்காது, ஸோன் ஏறாது. இதே போல, ஒரு பெயருக்கு சிநேம் என்ற மாற்றுப்பெயர்ப் பதிவு இருந்தால் வேறெந்தப் பதிவும் அங்கே இருக்கக்கூடாது. டொமைனின் தலைப்பெயரில் ஸோனின் தலைப்பதிவான எஸ்ஓஏயும் என்எஸ்ஸும் கட்டாயம் இருப்பதால், அங்கே சிநேம் வைக்கவே முடியாது.

ஸோனை மாற்றும்போதெல்லாம் கூட்டவேண்டிய வரிசை எண்ணிலும் ஒரு எல்லை உண்டு. அது 32 பிட், அதாவது 4294967295 வரைதான். 2025092101 என்று ஆண்டு, மாதம், நாள், இரண்டு இலக்கம் என்று பத்து இலக்கத்தில் எழுதுவது இந்த எல்லைக்குள் அடங்கும். மணியும் நிமிடமும் சேர்த்துப் பன்னிரண்டு இலக்கம் ஆக்கினால் எண் எல்லை தாண்டி, ஸோன் விழும்.

கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி தானாகப் பெயர் பதியும் ஸோன்களில் மின்வெட்டுக்கும் உண்மையான பங்கு உண்டு. மாற்றங்களை நேம்ட் முதலில் '.ஜேஎன்எல்' என்று முடியும் ஜர்னல் கோப்பில் எழுதி, ஸோன் கோப்பில் பின்னர் சேர்க்கும். அதற்கு 15 நிமிடம் வரை ஆகலாம். இடையில் இயந்திரம் திடீரென அணைந்தாலோ, யாராவது அந்த ஸோன் கோப்பைக் கையால் திருத்தியிருந்தாலோ, ஜர்னல் ஸோனோடு ஒத்துப்போகவில்லை என்று லொக் சொல்லும். சேவையை நிறுத்தி, ஜர்னலை வேறிடத்துக்கு நகர்த்தி, திரும்பத் தொடங்குங்கள். ஸோன் கோப்பில் சேராத கடைசிப் பதிவுகள் போகும். கணினிகள் அடுத்தமுறை முகவரி புதுப்பிக்கும்போது அவை பெரும்பாலும் திரும்பிவிடும். கையால் திருத்தவேண்டியிருந்தால் முன்பு 'ஆர்என்டிசி ஃப்ரீஸ்', பின்பு 'ஆர்என்டிசி தோ'.

ரூட்டின் கண்ணும் பைண்டின் கண்ணும்

சோதனைக் கருவி சரியென்கிறது, சேவை மட்டும் அனுமதி இல்லை என்று நிற்கிறது. சோதித்தது முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர், ஓடுவது டெபியனில் 'பைண்ட்' என்ற பயனர், ரெட் ஹட்டில் 'நேம்ட்' என்ற பயனர். ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறக்கும். ஆகவே 'சூடூ -யூ பைண்ட் நேம்ட்-செக்கான்ஃப்' என்று சேவையின் கண்ணாலேயே பாருங்கள்.

முன்னணியில் ஓட்டிப் பார்க்கும் 'நேம்ட் -ஜி' மிகவும் உதவும், எல்லாச் செய்தியையும் திரையிலேயே கொட்டும். ஆனால் '-யூ பைண்ட்' சேர்க்காமல் ரூட்டாக ஓட்டினால், அது உருவாக்கும் ஜர்னலும் சாவிக் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். பிறகு உண்மையான சேவை அவற்றில் எழுத முடியாமல் தவிக்கும். பழுது பார்க்கப்போய்ப் புதுப் பழுதைப் பெற்றெடுக்கும் வழி இது.

லொக் எழுதத் தனிக் கோப்புறை குறிப்பிட்டிருந்தால், அது இருக்கவேண்டும், சேவையின் பயனர் எழுதக்கூடியதாகவும் இருக்கவேண்டும். நேம்ட் அதை உருவாக்கித் தராது. லொக் பகுதியை நினைவகத்தில் வைத்திருக்கும் இயந்திரங்களில் மின்வெட்டுக்குப் பின் அந்தக் கோப்புறை மறைந்துவிடும், நேம்டும் எழும்பாது. கேள்விகளையெல்லாம் பதியும் 'குவெரி லொக்'கைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் டிஸ்க் நிரம்பியதையும் பார்க்கவேண்டும். 'டிஎஃப் -எச்' இடம் இருக்கிறது என்றாலும் 'டிஎஃப் -ஐ' கொடுத்து, கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோட்களின் மிச்சத்தையும் பாருங்கள்.

அனுமதி எல்லாம் சரியாகத் தெரிந்தும் மறுப்பு வந்தால், கூடுதல் பாதுகாப்புக் காவலைப் பாருங்கள்: உபுண்டுவில் ஆப்-ஆர்மர், ரெட் ஹட்டில் எஸ்இலினக்ஸ். உபுண்டுவின் இயல்பு விதிப்படி நேம்ட் '/எட்சி/பைண்ட்' கோப்புறையை வாசிக்கலாம், எழுதமுடியாது. எழுதும் இடம் '/வார்/லிப்/பைண்ட்', '/வார்/கேஷ்/பைண்ட்'. தானாக மாறும் ஸோனை எட்சிக்குள் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ரெட் ஹட்டில் கோப்பை வீட்டுக் கோப்புறையில் தயாரித்து 'எம்வி' கொடுத்து நகர்த்தினால் எஸ்இலினக்ஸ் குத்திய பழைய முத்திரையும் கூடவே வரும். 'சிபி' கொடுத்தால் புதிய இடத்தின் முத்திரை கிடைக்கும். 'ரெஸ்டோர்கொன் -ஆர்வி /வார்/நேம்ட்' அதைச் சீராக்கும். பாதுகாப்பையே அணைத்துவிடும் பழக்கம் பரவலாக உண்டு. பழுது எங்கே என்று அறிய ஐந்து நிமிடம் அணைக்கலாம், அதற்குமேல் விட்டுவைப்பது சோம்பல்.

போர்ட் பிடித்தவர் யார்?

'அட்ரஸ் இன் யூஸ்' என்று வந்தால் 'எஸ்எஸ் -டியூஎல்பிஎன்' கொடுத்து 53ஐப் பிடித்திருப்பவரைப் பாருங்கள். உபுண்டுவில் அதனுடனேயே வரும் பெயர் தேடும் சேவையான சிஸ்டம்-டி-ரிசோல்வ்டைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் அது 127.0.0.53இல் உட்காரும், பைண்டோ ஒவ்வொரு முகவரியிலும் தனித்தனியாக உட்காரும். பொதுவாக இரண்டும் மோதாது. எல்லா முகவரியையும் மொத்தமாகப் பிடிக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய பெயர்ச் சேர்வர்தான் மோதும். மெய்நிகர் இயந்திரம் ஓட்டும் சேர்வரில் 192.168.122.1ஐயும் ஒரு டிஎன்எஸ்மாஸ்க் வைத்திருக்கும்.

இந்த மோதலில் நேம்ட் சாவதில்லை என்பதுதான் வம்பு. அந்த முகவரியை ஒதுக்கிவிட்டேன் என்று லொக்கில் எழுதிவிட்டு எழும்பிவிடும். ஸ்டேட்டஸ் பச்சையாக இருக்கும், யாருக்கும் பதில் போகாது. ஆர்என்டிசி கட்டளைகள் வரும் 953ஆம் போர்ட்டில் மோதல் என்றால் பழைய நேம்ட் ஒன்று இன்னும் ஓடுகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கடிகாரம்

தாய்ப்பலகையின் சிஆர்2032 பற்றரி செத்த பழைய சேர்வர், மின்சாரம் முற்றாகப் போனால் திகதியை மறந்துவிடும். நேம்ட் எழும்பும். ஆனால் டிஎன்எஸ்செக் கையொப்பங்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கடிகாரம் பின்னால் இருந்தால் எல்லாக் கையொப்பமும் இன்னும் பிறக்காதவை, பதில் சேர்வ்ஃபெயில். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி சேர்வரைத் தேடினால், அதன் பெயரைக் கண்டறியவும் டிஎன்எஸ் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை. கையால் நேரத்தை வைத்து விடுபடலாம். என்டிபி அமைப்பில் ஒரு சேர்வரையாவது எண் முகவரியாகக் கொடுத்துவைத்தால் மறுமுறை இது வராது.

வன்பொருள் கடிகாரத்தை இலங்கை நேரத்தில் வைத்து, இயங்குதளம் அதை உலகப் பொதுநேரம் என்று வாசித்தால் ஐந்தரை மணித்தியாலம் பிசகும். சேர்வர்களுக்கிடையே ஸோன் பரிமாற்றத்தை டிசிக் சாவியால் காப்பவர்களுக்கு இது உடனே சுடும், அதன் வழமையான பொறுமை 300 விநாடிதான்.

டிஎன்எஸ் மரத்தின் வேருக்குரிய டிஎன்எஸ்செக் நம்பிக்கைச் சாவி 2018 ஒக்டோபர் 11 அன்று மாற்றப்பட்டது. பழைய சாவியை அமைப்புக் கோப்பில் கையால் எழுதிவைத்த சேர்வரும் இதே சேர்வ்ஃபெயில் நோயைக் காட்டும். அந்த வரிகளை நீக்கி, 'டிஎன்எஸ்செக்-வெலிடேஷன் ஆட்டோ' போதும்.

தமிழ்ப் பெயர் வைத்தவர்களுக்கு

2010 முதல் '.இலங்கை' என்ற உச்சப் பெயர் இருக்கிறது. அதன்கீழ் டொமைன் வைத்திருப்பவர்கள் ஸோன் கோப்பில் தமிழ் எழுத்தையே தட்டினால் பயன் இல்லை. உலாவி அனுப்பும் கேள்வி 'எக்ஸ்என்--' என்று தொடங்கும், ஆங்கில எழுத்தும் எண்ணுமான புனிகோட் வடிவில் வரும். முகவரிப் பதிவின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறெது இருந்தாலும் நேம்ட் கெட்ட பெயர் என்று ஸோனை நிராகரிக்கும். அடிக்கோடு போட்ட ஆங்கிலப் பெயருக்கும் அதே கதி. 'ஐடிஎன்2' என்ற கருவியில் தமிழ்ப் பெயரைக் கொடுத்து, அது தரும் வடிவத்தை ஸோன் பெயரிலும் உள்ளேயும் எழுதுங்கள், பக்கத்தில் குறிப்புரையாகத் தமிழில் பெயரைப் போட்டுவையுங்கள்.

இரண்டாம் சேர்வர் இருப்பவர்கள் அதன் ஸோன் அறிவிப்பில் 'ஃபைல்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதன்மையிடமிருந்து பெற்றதை அது நினைவில் மட்டும் வைத்திருக்கும், மின்வெட்டுக்குப் பின் வெறுங்கையோடு எழும்பும். இரண்டையும் ஒரே அலுமாரியில், ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுவதை 1997இலேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வெள்ளவத்தைக் கந்தோரில் முதன்மை இருந்தால், இரண்டாவதை வேறொரு மின்வழியில், வேறொரு இணைய இணைப்பில் வையுங்கள்.